கோப்பியின் கடைவாய்ப் பல்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை ஆங் மோ கியோவில் உன் புது வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அம்மாவும் உன்னோடு பந்தாட்டம் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பாய். நான் பார்த்தது உன் நாயை. கோப்பி ஒரு பக்கமாகவே மென்றாள். பிஸ்கட்டைக் கவ்வுவாள், கீழே போடுவாள், நக்குவாள், மறுபடி கவ்வுவாள். அப்புறம் முகத்தைக் கம்பளத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். நீ அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, எழுந்து போய் சோற்றைக் கஞ்சியாகக் குழைத்து எடுத்து வந்தாய். குழந்தைக்கு ஊட்டுவதுபோல விரலால் ஊட்டினாய். உன் கையைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

சமையலறையில் திவ்யா என்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கிண்டிக் கேட்டேன். "கடவாப் பல்லு உள்ள அழுகிப் போச்சாம் அத்தை. மயக்க மருந்து குடுத்துப் பிடுங்கணுமாம். விட்டா தாடை எலும்புக்கே போயிடுமாம். உங்க பிள்ளை அப்பாயின்ட்மென்ட் எடுக்குறாரு, அப்புறம் கேன்சல் பண்றாரு. கேட்டா நெக்ஸ்ட் மன்த்ங்குறாரு. பெயின்கில்லர்லயே எத்தனை நாளு ஓட்டுறது? நீங்க சொன்னாத்தான் கேப்பாரு." நான் சொன்னால் நீ கேட்பாய் என்று அவள் நம்புகிறாள் பார், கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, பாவம்! ஹாலுக்கு வந்து, "ஏன்டா, கோப்பிக்குப் பல்லு பிடுங்கணுமாமே?" என்றேன். "பாத்துக்கலாம்மா" என்றாய். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாய். அந்தப் 'பாத்துக்கலாம்' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? அது போண்டாவிடமிருந்து வருகிறது.

அதனால்தான் இந்தக் கடிதம். வாட்ஸப்பில் அனுப்பினால் நீ பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். போனில் சொன்னால், "மீட்டிங்மா" என்பாய். போண்டா போனதிலிருந்து அவனைப் பற்றி நாம் இருவரும் உட்கார்ந்து ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. உன் அப்பா மட்டும் இன்றைக்கும் நான் வாசல் கதவைத் திறந்தால், "கேட்டைச் சாத்து" என்பார். ஓடிப்போக இப்போது வீட்டில் நாய் எதுவும் இல்லை. நாயே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்ற மனிதர் அவர், ஞாபகம் இருக்கிறதா? "வீட்டுக்குள்ள நாய் வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்றார். போண்டா வந்த இரண்டாவது வாரம் அவர் தட்டிலிருந்த பராட்டாவில் பாதி அவனுக்குப் போனது. வெள்ளையாக, உருண்டையாக, எண்ணெயில் போட்டால் மிதப்பான்போல இருந்தான். பெயர் வைத்ததும் அவர்தான்.

எனக்கும் அவன் மேல் உயிர்தான். நாள் முழுக்க இந்த ஊர் ஜனத்தையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறேன், என் வீட்டு நாயை மட்டும் அந்த பஸ்ஸில் ஏற்ற முடியாதே என்று எனக்கு ஒரு குறை. ஃபேரர் பார்க்கில் நம் அடுக்குமாடி புளோக்கைத் தாண்டும்போது, மேலே ஜன்னலில் உன் தலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தலை தெரிகிறதா என்று சிக்னலில் நிற்கிற நேரத்தில் எட்டிப் பார்ப்பேன். நீ தொடக்கப்பள்ளிக் கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்தபோது உன் காலடியில் படுத்திருந்தவன், நீ ராணுவத்தில் தேசிய சேவை முடித்துப் பச்சை உடுப்பைக் கழற்றிப் போட்டபோது அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டவன். உனக்குத் தம்பி வேண்டும் என்று அழுதாய், நான் பெற்றுத் தரவில்லை, அவனை வாங்கித் தந்தேன். அவன் போனது எப்படி என்று நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் நீ அதை உன் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஒரு தடவை என் பக்கத்திலிருந்தும் பார்.

போண்டாவுக்குப் பல் சுத்தம் செய்ய வேண்டும், இரண்டு பல் ஆடுகிறது, பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் எத்தனையோ நாய்களுக்குத் தினமும் நடக்கிற வேலை. அந்த டாக்டரை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன்? தேன் ஒழுகப் பேசுவார். தமிழில் பேசுவார். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவார். "அக்கா, நீங்க சொன்னா சரிதான்க்கா" என்பார். எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார். ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டார். நான், "ஊசின்னா அவன் நடுங்குவான் டாக்டர், வேணாமே" என்றேன். "உங்க இஷ்டம்க்கா." வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் கொடுத்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். ராகு காலம். "டாக்டர், சாயங்காலம் நாலரையிலிருந்து அஞ்சரை நல்ல நேரம். அப்ப வெச்சுக்கலாமா?" என்றேன். "கேன், கேன், செய்யலாம், தாராளமா" என்றார். போனை வைத்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! இப்படி ஒரு டாக்டர் கிடைக்க வேண்டுமே என்று உன் அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

நீ அப்போதே சிரித்தாய். "அம்மா, நீ ராகு காலத்துல தினமும் பஸ் ஓட்டுறியே, அதுக்கு என்ன?" என்றாய். உண்மைதான்டா. டிப்போவில் போய், ராகு காலம் முடியட்டும், அப்புறம் வண்டியை எடுக்கிறேன் என்றால் வீட்டுக்குப் போ என்பார்கள். வேலையில் என் நேரம் என் கையில் இல்லை. அதனால்தானோ என்னவோ, வீட்டில் என் கைக்குள் இருக்கிற காரியம் ஒவ்வொன்றையும் நல்ல நேரத்தில் நுழைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. உனக்கு முதல் மொட்டை, வீட்டுக்குச் சோபா வாங்கியது, நீ கார் லைசென்சுக்குப் பணம் கட்டியது எல்லாம் காலண்டர் பார்த்துத்தான். ஒன்றும் கெட்டுப் போகவில்லை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். கூத்தைக் கேள், காலையில் பஸ்ஸை எடுக்கும் முன் சுற்றி வந்து டயரைப் பார்க்கிறவள், கதவு மூடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறவள், அந்த கிளினிக் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்கவில்லை.

ஏழு மணிக்கு மூடும். அது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு மாலை ஷிப்ட், நீதான் கொண்டுபோனாய், நீதான் அழைத்து வந்தாய். அவர்கள் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்புறம் சொன்னாய். போண்டா சரியாகக் கண் திறக்கவில்லை. ஈறு வெளுத்திருக்கிறதே என்று நீ கேட்டாய். "மயக்கம் தெளியும்போது அப்படித்தான் இருக்கும் தம்பி, வீட்டுல போய்த் தூங்கட்டும்" என்றார் டாக்டர். நீ அவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் வேலை முடிந்து வந்தபோது அவன் காது ஐஸ் மாதிரி இருந்தது. நீ திரும்பத் திரும்ப அந்த கிளினிக்குக்குப் போன் போட்டாய். நாளைக் காலை ஒன்பது மணிக்குத் திறப்போம் என்று ஒரு பெண்ணின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்சி பிடித்தோம். அதை ஓட்டிய சீன அங்கிள் சீட்டில் முடி ஒட்டுமே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நெவர் மைண்ட் லா, ஏறு ஏறு" என்று அவரே கதவைத் திறந்தார். அவசர மருத்துவமனை வாசலுக்குப் போகும் முன்னாலேயே உன் மடியில் அவன் அடங்கிவிட்டான். நீ, "அம்மா, நான் அங்கேயே நின்னிருக்கணும், அங்கேயே நின்னிருக்கணும்" என்றாய். அதற்கப்புறம் நீ அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் உன் வாயைப் பொத்தியிருப்பேன்.

ஏனென்றால் நேரத்தை மாற்றியவள் நான். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்தே நாம் இருவரும் சொல்லாமல் விட்டோம். நீ என்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாய், நான் உன் முகத்தைப் பார்க்கப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அந்த டாக்டர் மறுநாள் போன் செய்து அழுதார். அவர் கெட்டவர் இல்லை. யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். நானும் அந்தக் குணத்துக்காகத்தானே அவரைப் பிடித்து வைத்திருந்தேன்?

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு நாள். உன் அப்பாவிடம் தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போனது டாக்டர் பார்க்க. மாப்பிள்ளை பார்க்கப் போகிற மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன், சிரிக்காதே. முதலில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக். கண்ணாடிக் கதவு, நல்ல வாசனை, சுவர் முழுக்க நாய்க்குட்டிப் படம். அங்கிருந்த இளைஞர் ரொம்பப் பணிவு. காலையில் ஒரு நேரம் சொன்னார். நான் வேண்டுமென்றே, "அந்த நேரம் எங்களுக்கு ஆகாது, சாயங்காலம் கடைசியா வெச்சுக்கலாமா?" என்றேன். "கேன், ஆன்ட்டி, நோ ப்ராப்ளம்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று புரிந்திருக்காது, பாவம்.

என்னோடு பஸ் ஓட்டும் ஒரு மலாய்க்காரி தன் பூனையைக் கிளமெண்டியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோவாள். ரொம்ப நாளாகவே, "அந்த டாக்டரம்மாவுக்கு வாய் காரம்" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஹா, அப்படிப்பட்ட ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்று எம்ஆர்டி ரயில் ஏறிவிட்டேன். பெயர் நஸீமா. நம் தமிழ் முஸ்லிம் பெண். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "நாய் எங்க, ஆன்ட்டி?"

"நாய் வரல. முதல்ல நான் வந்திருக்கேன்."

"சரி, உக்காருங்க" என்றாள், நாயைச் சொல்வதுபோலவே. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, நாயைத் தொடுறதுல உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. "தொட்டா கழுவிக்குவேன், ஆன்ட்டி. எங்கம்மாவும் இதைத்தான் முதல்ல கேட்டாங்க" என்றாள். அந்தத் தைரியத்தில் நான் அடுத்ததைக் கேட்டேன். "உங்க கையில ஏதாவது நாய் செத்திருக்கா?"

பேனாவை மூடி வைத்தாள். "செத்திருக்கு. போன வருஷம் ஒரு பீகிள். கருத்தடை ஆபரேஷன். டெஸ்ட் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மயக்கத்துல இருக்கும்போதே இதயம் நின்னுடுச்சு. எவ்வளவோ போராடிப் பாத்தோம், வரல. அந்த வீட்டுக்கு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். ஏன் கேக்குறீங்க?"

அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன் இன்னொன்றையும் கேட்டேன். ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமை காலையில் நேரம் இருக்கிறதாம். "டாக்டர், அது ராகு காலம். சாயங்காலம் நல்ல நேரமா பாத்து வெச்சுக்கலாமா?" பாதி சோதனைதான்டா. மீதிப் பாதியை உண்மையாகவே கேட்டேன், உன்னிடம் என்ன மறைப்பு.

"முடியாது, ஆன்ட்டி" என்றாள்.

ஒரு சிரிப்பு இல்லை, ஒரு சாரி இல்லை. "சாயங்காலம் செஞ்சா, அது முழிச்சு எழுந்திரிக்கிற நேரத்துல நாங்க கதவைப் பூட்டிக்கிட்டு இருப்போம். எனக்குப் பயமே முழிக்கிற நேரம்தான். காலையில செஞ்சா பொழுதுக்கும் ஒரு ஆளு பக்கத்துல இருக்கும். அந்த நாள் பிடிக்கலன்னா வேற நாள் தர்றேன். சாயங்காலத்துக்கு மாத்த மாட்டேன். வேற டாக்டர்கிட்டப் போறதா இருந்தாலும் சாயங்காலம் ஒத்துக்காதீங்க." எனக்கு எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. அழுதேன். நல்ல சேலையின் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போண்டா கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன். வெளியே ஒரு முயலோடு ஒருத்தர் காத்திருந்தார், அவரைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "காலையில செஞ்சிருந்தாலும் அது போயிருக்கலாம், ஆன்ட்டி. ரத்தம் டெஸ்ட் பண்ணாம ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா யாராவது பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க." நான் தலையை ஆட்டினேன். "உங்க பையன் ஈறு வெளுத்திருந்ததைக் கவனிச்சாரா? கவனிச்சுக் கேட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அவரு செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டாரு. நெறையப் பேரு கவனிக்கவே மாட்டாங்க. அவரு சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்காரு. சரியான பதில் சொல்ல வேண்டியவங்க சொல்லல." கண்ணா, இந்த ஒன்றை உன்னிடம் சேர்ப்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். நான் சொன்னால் அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்பாய். இதைச் சொன்னது நான் இல்லை. வாய்க்கு வந்தபடி ஆறுதல் சொல்கிற ஆளும் இல்லை அவள். நீ கேட்டாய். துண்டில் சுற்றிய அந்த உயிரைக் கையில் வைத்துக்கொண்டு, இருபத்தோரு வயதில், பெரிய மனிதர்களைப் பார்த்துக் கேட்டாய். அதற்கு மேல் உன்னால் ஒன்றும் ஆகியிருக்காது.

கிளம்பும்போது, ஆபரேஷன் முடிந்து படுக்க வைக்கிற அறையைப் பார்க்கலாமா என்றேன். எப்போதும் கேள், கண்ணா, எந்த டாக்டரிடம் போனாலும் கேள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடு. அவள் கதவைத் திறந்துவிட்டாள். சின்ன அறைதான். ஒரு சாம்பல் பூனை போர்வைக்குள் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு நர்ஸ் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பூனையின் உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பார்த்தாள், காதைத் தொட்டுப் பார்த்தாள், எதையோ குறித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். மறுபடி உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். நான் அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டர்தான், "ஆன்ட்டி, முயல் வெயிட் பண்ணுது" என்றாள். காய்கறி இல்லாமல் வீட்டுக்குப் போய் உன் அப்பாவிடம் மாட்டிக்கொண்டேன், அது தனிக் கதை.

கோப்பிக்கு அங்கே ஒரு இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் உன் நாய், முடிவு உன்னுடையது. முதலில் திவ்யாவும் நீயுமாகக் கோப்பியைக் கூட்டிக்கொண்டு போய் அந்த டாக்டரைப் பாருங்கள். எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேள். முகம் சுளித்தாலும் பதில் சொல்வாள். ரத்தப் பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லிவிடாதே, கோப்பி நடுங்கினால் பிடித்துக்கொள். உனக்குத் திருப்தி இல்லையென்றால் நீயே போன் செய்து வேண்டாம் என்று சொல், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் பயத்தில் சும்மா இருந்துவிட்டு அதற்குப் 'பாத்துக்கலாம்' என்று பெயர் வைக்காதே. அந்தக் குட்டி ஒரு பக்கமாக மென்றுகொண்டிருக்கிறாள். நீ கஞ்சி ஊட்டுகிறாய் என்பதற்காக உன்னை நம்பி வாலாட்டுகிறாள். வலி வாய்க்குள் இருக்கிறது, அதைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அந்த டாக்டரும் சொல்லவில்லை. இந்தத் தடவை பக்கத்தில் ஆள் இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டேன். காலையில் கோப்பியை விட்டதிலிருந்து அவள் தானாக எழுந்து நிற்கிற வரைக்கும் அந்த கிளினிக் நாற்காலியை விட்டு நகர மாட்டேன். நஸீமாவிடம் சொல்லிவிட்டேன், "உக்காருங்க, ஆனா உள்ள வந்து தொந்தரவு பண்ணக் கூடாது" என்றாள். உன் அப்பாவும் வருவாராம். பராட்டா கட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார், கோப்பி அன்றைக்குச் சாப்பிடக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை. நீ வருகிறாயோ இல்லையோ, எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடித்து வைப்பேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணி. இந்தியக் கணக்கில் பார்த்தாலும் அது ராகு காலம், சிங்கப்பூர்க் கணக்கில் பார்த்தாலும் அது ராகு காலம். சமையலறைக் காலண்டரில் அந்த நேரத்தைச் சுற்றி நானே பேனாவால் ஒரு வட்டம் போட்டு, கோப்பி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மா